முதியவரின் இதய வால்வும் அவருடைய சொல்லும்

இதய வால்வுக் கோளாறோடு மருத்துவமனைக்கு வரும் எழுபது வயதுப் பெரியவர் ஒருவருக்காக இன்று முடிவு செய்யப்பட வேண்டியவை பல. உலோக வால்வு பொருத்துவதா, விலங்கின் திசுவால் ஆன வால்வு பொருத்துவதா? நெஞ்சைத் திறந்து வைப்பதா, தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியே கொண்டுசென்று வைப்பதா? எதுவும் செய்யாமல் மருந்தோடு நாள்களைக் கழிப்பதா? நம் குடும்பங்களில் இக்கேள்விகள் பெரும்பாலும் மகனிடமோ மருமகனிடமோதான் கேட்கப்படுகின்றன. வாப்பா அடுத்த அறையில் படுத்திருப்பார்.

இவை நோயாளியிடமே கேட்கப்பட வேண்டியவை என்னும் எண்ணம் மருத்துவ உலகிலும் மிகப் பழையதன்று. நீதிமன்றங்களும் அறிஞர்களும் அதற்காகப் பேசியது உண்மை. ஆனால், வால்வு மருத்துவத்தின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது வேறொன்று. ஒரே வழி இருந்தவரை நோயாளியின் விருப்பத்தைக் கேட்க இடமே இல்லை. இரண்டாவது வழி பிறந்தபோதுதான் மருத்துவர் தம் நூல்களில் விடை காணமுடியாத ஒரு கேள்வி எழுந்தது. அதற்கான விடை நோயாளியிடம் இருந்தது.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். இதயத்திலிருந்து உடல் முழுவதற்கும் இரத்தம் வெளியேறும் வாயிலில் உள்ளது பெருந்தமனி வால்வு. முதுமையில் அதன் இதழ்களில் சுண்ணாம்பு படிந்து, அவை விறைத்து, வாயில் குறுகிவிடுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, திடீர் மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். இதழ்களை மீண்டும் விரியச் செய்யும் மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. 1968-இல் ஜான் ராஸ், யூஜின் பிரான்வால்ட் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் இந்நோயின் போக்கை ஆராய்ந்து எழுதினர். வால்வை மாற்றாதவர்கள், நெஞ்சுவலி தோன்றியபின் சராசரியாக 5 ஆண்டுகளும், மயக்கம் தோன்றியபின் 3 ஆண்டுகளும், இதயம் தளர்ந்து மூச்சுத்திணறல் தோன்றியபின் 2 ஆண்டுகளுமே வாழ்ந்தனர் என்பது அவர்கள் கண்ட கணக்கு.

செயற்கை வால்வு உருவான கதை சுவையானது. 1958-இல் லோவெல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளர், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் இளம் அறுவை மருத்துவரைச் சந்தித்தார். எட்வர்ட்ஸுக்கு அப்போது அறுபது வயது. செயற்கை இதயமே செய்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. முதலில் ஒரு வால்வு செய்வோம் என்றார் ஸ்டார். சிறிய உலோகக் கூண்டுக்குள் ஒரு பந்து. இரத்தம் தள்ளும்போது பந்து விலகும், திரும்பும்போது அடைத்துக்கொள்ளும். 1960-இல் அதைப் பொருத்திக்கொண்ட முதல் நோயாளி சில மணி நேரத்தில் இறந்துபோனார். அதே ஆண்டு செப்டம்பரில் 52 வயதுள்ள ஒருவருக்கு, இதயத்தின் மற்றொரு வாயிலான ஈரிதழ் வால்வின் இடத்தில் அதைப் பொருத்தினர். அவர் பத்தாண்டுகள் வாழ்ந்தார். ஏணியிலிருந்து விழுந்துதான் இறந்தார்.

அக்காலத்தில் நோயாளியின் விருப்பம் என்ற பேச்சு எழ இடமில்லை. அறுவைக்கு உடன்படலாம், அல்லது இறந்துபோகலாம். மருத்துவர்களின் பொதுவான பழக்கமும் அப்படித்தான் இருந்தது. 1961-இல் சிகாகோவில் 219 மருத்துவர்களிடம், புற்றுநோய் கண்டவரிடம் அந்த உண்மையைச் சொல்வீர்களா என்று கேட்கப்பட்டது. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் சொல்லமாட்டோம் என்றனர். 1979-இல் அதே கேள்வி மீண்டும் கேட்கப்பட்டபோது, 97 விழுக்காட்டினர் சொல்வோம் என்றனர். பதினெட்டே ஆண்டுகளில் ஒரு தொழிலின் வழக்கம் தலைகீழாயிற்று.

இடையில் நிகழ்ந்தவற்றுள் நீதிமன்றங்களுக்குப் பெரும் பங்குண்டு. 1957-இல் கலிபோர்னியாவில் ஒரு வழக்கு. பெருந்தமனியில் மருந்து செலுத்திப் படம் எடுக்கப்பட்ட ஒருவருக்கு இரு கால்களும் செயலிழந்தன. நோயாளி அறிந்து உடன்படுவதற்குத் தேவையான செய்திகளை மறைப்பது மருத்துவரின் கடமைக்கு மாறானது என அந்நீதிமன்றம் கூறியது. இன்று நாம் கையொப்பமிடும் ஒப்புதல் படிவத்தின் வேர்களுள் ஒன்று அத்தீர்ப்பு. என்றாலும் படிவம் வேறு, கலந்து முடிவெடுத்தல் வேறு. படிவம், மருத்துவர் முன்பே எடுத்துவிட்ட முடிவுக்கு நோயாளியின் சம்மதத்தைக் கேட்கிறது. அது நோயாளியைவிட மருத்துவமனையையே அதிகம் காக்கிறது என்பது என் கருத்து. நோயின் இயல்பையும் வழிகளின் நன்மை தீமைகளையும் மருத்துவர் சொல்ல, தம் வாழ்வில் எது முக்கியம் என்பதை நோயாளி சொல்ல, இருவரும் சேர்ந்து முடிவுக்கு வருவதே மற்றது. 1982-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அமைத்த ஆணையம் ஒன்று, இந்தக் கூட்டு முடிவையே நல்ல மருத்துவத்தின் இலக்கணமாகத் தன் அறிக்கையில் எடுத்துரைத்தது.

அதற்குள் வால்வு மருத்துவத்தில் இரண்டாவது வழி பிறந்துவிட்டிருந்தது. உலோக வால்வு நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன்மீது இரத்தம் உறைந்து கட்டியாகும். அதைத் தடுக்க வார்ஃபரின் மாத்திரையை ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். முதலில் எலிகளைக் கொல்ல விற்கப்பட்டு, 1954-இல் மனிதருக்கு மருந்தாக ஏற்கப்பட்ட பொருள் அது. அளவு குறைந்தால் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். கூடினால் மூளையிலோ குடலிலோ இரத்தக் கசிவு நேரலாம். ஆகவே அடிக்கடி இரத்தப் பரிசோதனை, கீரை வகைகளில் ஒரே அளவு, கீழே விழாதிருக்க எச்சரிக்கை. இரவின் அமைதியில் வால்வின் டிக் டிக் ஒலி கேட்டு உறக்கம் வராதவர்களும் உண்டு.

1965-இல் பாரீஸில் பன்றியின் இதய வால்வை மனிதருக்குப் பொருத்தினர். அலன் கார்ப்பான்டியே என்னும் பிரெஞ்சு மருத்துவர், குளூட்டரால்டிஹைடு என்னும் வேதிப்பொருளில் ஊறவைத்து அத்திசுவை நிலைக்கச் செய்யும் முறையைக் கண்டார். 1971-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மரியான் அயனெஸ்கு, மாட்டின் இதயத்தைச் சூழ்ந்துள்ள உறையைக் கொண்டு வால்வு செய்தார். திசு வால்வுகளுக்கு ஆயுள் முழுவதும் வார்ஃபரின் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. ஆனால் அவை பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்து, மறுபடியும் ஓர் அறுவை வேண்டியிருக்கலாம். இனி, எது நல்லது என்ற கேள்விக்கு ஒரே விடை எப்படி இருக்க முடியும்? தினம் மாத்திரை, மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை என்பதை ஒருவர் பொறுத்துக்கொள்வார். மற்றொருவர் அதைச் சிறையாக உணர்வார்.

நம் வாசகர்களுக்கு இங்கே இன்னொரு செய்தியும் முக்கியம். திசு வால்வுகளில் பன்றியிலிருந்து எடுக்கப்பட்டவையும் உண்டு, மாட்டிலிருந்து எடுக்கப்பட்டவையும் உண்டு. வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தில் முன்னதைப் பயன்படுத்தலாம் என அறிஞர்கள் பலர் கூறுகின்றனர். மாட்டின் திசுவால் ஆனது கிடைக்கும்போது அதைக் கேட்டுப் பெற நமக்குத் தடையேதும் இல்லை. ஆனால் நோயாளி வாய் திறந்து சொன்னாலன்றி, இது அவருக்கு ஒரு பொருட்டு என்பது மருத்துவருக்கு எப்படித் தெரியும்? அறுவைக் கூடத்துக்குள் கொண்டுசெல்லும் நேரத்தில் அல்ல, முதற்சந்திப்பிலேயே கேட்க வேண்டியது இது.

மூன்றாவது வழி பிரான்சின் ரூவான் நகரில் பிறந்தது. அங்கே அலன் கிரிபியே என்னும் இதய மருத்துவர், 1985-இல், குறுகிய வால்வைப் பலூனால் விரித்துப் பார்த்தார். சில மாதங்களில் அது மீண்டும் குறுகியது. விரித்த இடத்தில் ஒரு வால்வையே விட்டு வந்தால் என்ன என்று அவர் கேட்டபோது, நடவாத காரியம் என்றனர் வல்லுநர்கள். 2002 ஏப்ரல் 16 அன்று, அறுவை மருத்துவர்கள் கைவிட்ட 57 வயது நோயாளி ஒருவருக்கு, நெஞ்சைத் திறக்காமல் இரத்தக்குழாய் வழியே அவர் வால்வைப் பொருத்தினார். இதையே இன்று டாவி என்கின்றனர்.

இதில் விரியும் வால்வுகளிலும் மாட்டின் இதயவுறையால் ஆனவையும் பன்றியின் இதயவுறையால் ஆனவையும் இருக்கின்றன என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அறுவையைத் தாங்கமாட்டார்கள் என ஒதுக்கப்பட்ட 358 முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. மருந்து முதலிய வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 50.7 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் இறந்தனர். டாவி செய்துகொண்டவர்களில் 30.7 விழுக்காட்டினர். பெரும் முன்னேற்றம்தான். ஆயினும் அதே ஆய்வில், முதல் மாதத்தில் கடும் பக்கவாதம் வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 1.1 விழுக்காட்டினருக்கும், டாவி செய்துகொண்டோரில் 5 விழுக்காட்டினருக்கும் வந்தது. நீண்ட ஆயுளா, கை கால் விளங்காத நிலையைத் தவிர்ப்பதா? இவற்றுள் எந்த அச்சம் பெரிது என்பதை எண்களால் தீர்க்க இயலாது.

ஆகவேதான் 2014-இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட நெறிமுறை, வால்வைத் தேர்ந்தெடுப்பது நோயாளியின் விருப்பங்களைக் கணக்கில் கொண்ட கூட்டு முடிவாக இருக்க வேண்டும் என்பதைத் தன் மிக உறுதியான பரிந்துரைகளுள் ஒன்றாக வைத்தது. 2020-இன் நெறிமுறை இன்னும் தெளிவாகச் சொல்கிறது: 80 வயதைக் கடந்தவருக்கு, உடலமைப்பு இடம் தந்தால், டாவி; 65-க்குக் கீழானவருக்கு அறுவை; இடைப்பட்ட 65 முதல் 80 வரை இரண்டில் எதுவும் பொருந்தும், மருத்துவரும் நோயாளியும் கலந்து முடிவு செய்க. நம் வீட்டுப் பெரியவர்களில் பெரும்பாலோர் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றனர்.

கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்? அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் இந்நோயுள்ள 46 முதியவர்களிடம், சிகிச்சையால் நீங்கள் அடைய விரும்புவது என்ன என்று கேட்டு, விடைகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்டனர். தமக்குப் பிடித்த ஒரு குறிப்பிட்ட செயலை மீண்டும் செய்ய வேண்டும் என்றவர்கள் 48 விழுக்காடு. பிறரைச் சாராமல் வாழ வேண்டும் என்றவர்கள் 30. வலியும் உபாதையும் நீங்க வேண்டும் என்றவர்கள் 15. உயிரோடிருப்பதே முதல் விருப்பம் என்றவர்கள் வெறும் 7. பிள்ளைகளாகிய நாம் கேட்கும் முதற்கேள்வியோ, உயிருக்கு ஆபத்து இல்லையே டாக்டர் என்பது. வாப்பாவின் மனத்தில் இருப்பது பஜ்ருத் தொழுகைக்குப் பள்ளிவாசல் வரை தாமே நடந்துபோவதாக இருக்கலாம். உம்மாவின் மனத்தில் இருப்பது, தம் துணியைத் தாமே துவைத்துக்கொள்வதாக இருக்கலாம். நெஞ்செலும்பைப் பிளந்து செய்யும் அறுவைக்குப்பின் அது கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். கைகளை ஊன்றி எழ முடியாத அந்நாள்களில் ஸஜ்தாவை எப்படிச் செய்வது என்ற கவலை ஒருவருக்கு ஆயுள் கணக்கைவிடப் பெரிதாகத் தோன்றலாம். உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு என்று சொன்னாலே அக்கவலை தீர்ந்துவிடும். ஆனால் கவலையை வெளியில் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு வேண்டும்.

பெரியவரிடம் சொன்னால் பயந்துவிடுவார் என்று மறைப்பது அன்பினால்தான். அதை நான் குறை கூறவில்லை. எனினும் ஸஹீஹ் புகாரியில் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சியை நாம் மறந்துவிடுகிறோம். நபி (ஸல்) அவர்கள் நோயுற்றிருந்தபோது, வேண்டாம் என அவர்கள் சைகை செய்தும், நோயாளிக்கு மருந்தின்மீது இருக்கும் வெறுப்பு இது என எண்ணிக்கொண்டு, குடும்பத்தார் வாயின் ஓரத்தில் மருந்தை ஊற்றினர். தெளிவு வந்ததும் நபி (ஸல்) அவர்கள், நான் தடுக்கவில்லையா எனக் கேட்டார்கள். வீட்டிலிருந்தோர் அனைவருக்கும் அதே மருந்தை ஊற்றச் செய்தார்கள், அப்போது உடனில்லாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர. ஊற்றியவர்கள் அவர்களை மிக நேசித்தவர்களே.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. மயக்கநிலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய தாயின் சம்மதத்தை மட்டும் பெற்று, கருப்பையை அகற்றிய வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பக்கூடிய வயதுவந்தவருக்குப் பதிலாக உறவினர் தரும் சம்மதம் செல்லாது என்பது அதன் சாரம். எண்பது வயதானாலும், புத்தி தெளிவாக உள்ளவரை, சம்மதம் அவருடையதே.

எதுவும் செய்ய வேண்டாம் என அவர் சொன்னால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்போதும் மருத்துவம் நின்றுவிடுவதில்லை. கால்வீக்கத்துக்கும் மூச்சுத்திணறலுக்கும் நீரை வெளியேற்றும் மாத்திரைகள் உண்டு. வேதனையைத் தணிக்கும் சிகிச்சையும் உண்டு. பின்னர் அவர் மனம் மாறினால் மீண்டும் மருத்துவரிடம் போகலாம். ஆனால் காலம் கடக்கக் கடக்க இதயத் தசை தளர்ந்து, இன்று செய்யக்கூடியது நாளை கடினமாகிவிடும். இதையும் அவரிடமே, மகன் வழியாக அல்லாமல், மருத்துவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.