தெரிவை வகுத்தவர் யார்?

பார்வையாளர் பங்குகொள்ளும் திரைப்படத்தின் வரலாறு 1967இல் மொன்றியல் உலகக் கண்காட்சியிலே தொடங்கிற்று எனலாம். செக்கோசிலவாக்கிய மண்டபத்தில் றடூஸ் சின்செரா ‘கினோஓட்டமாற்’ என்னும் படத்தைக் காட்டினார். முக்கிய கட்டங்களிற் படம் நிற்கும். கதாநாயகன் இனி யாது செய்வதென மேடையிலுள்ளவர் வினவுவார். பார்வையாளர் ஆசனத்துச் சிவப்பு, பச்சைப் பொத்தான்களால் வாக்களிப்பர். ஒருங்கோடும் இரு எறிகருவிகளுள் ஒன்றின் வில்லை மூடப்பட, பெரும்பான்மையோர் விரும்பிய காட்சி விரியும்.

ஆயினும் எவ்வழி சென்றாலும் கதை மீண்டும் ஒரே பாதையிற் கூடும். முடிவில் அடுக்குமாடி வீடு தீப்பற்றியே தீரும். வாக்குண்டு, விளைவில்லை! 1972இல் அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் ஆட்சியினர் இப்படத்தைத் தடைசெய்தமையும் சிந்திக்கத்தக்கது.

இக்கலையைக் கற்பிக்கும் நாம், பொறியின் புதுமையை வியப்பதோடு அமையலாகாது. தெரிவுகளை வகுத்தவர் யார் என்னும் வினாவையே மாணவரிடம் முதலில் எழுப்பவேண்டும்.