கல்கத்தா மருத்துவ ஆய்வுகளும் திறந்த அணுக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மருத்துவ ஆய்வு நோயாளியின் படுக்கையருகே தொடங்கி, ஆய்விதழின் பக்கங்களில் நிறைவு பெறுகிறது. அவ்விதழ் எங்கு வெளியாகிறது, அதனைப் படிக்க இயல்வோர் யாவர் என்னும் வினாக்கள் அறிவியல் வரலாற்றில் பெரிதும் பேசப்படுவதில்லை. ஆய்வுக் கட்டுரைகளைக் கட்டணமின்றி எவரும் படிக்க இடமளிக்கும் முறை ‘திறந்த அணுக்கம்’ எனப்படுகிறது. 2002ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை இதற்குத் தெளிவான வரையறை தந்தது. எனினும் இக்கோரிக்கைக்குரிய தேவை அதற்கு நெடுங்காலம் முன்னரே இந்தியாவில் உணரப்பட்டுள்ளது. கல்கத்தா நகரில் (2001 முதல் கொல்கத்தா) நிகழ்ந்த சில மருத்துவ ஆய்வுகள் எவ்வாறு வெளியிடப்பட்டன, யாரைச் சென்றடைந்தன என்பதை ஆராய்ந்து அத்தேவையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்கத்தாவின் இதழ் மரபு

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்திய மருத்துவ இதழியலின் தலைமையிடமாகக் கல்கத்தா விளங்கியது. ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ 1866இல் இங்குத் தோன்றி 1955 வரை வெளிவந்தது. இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் 1913இல் தொடங்கிய ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழையும் கல்கத்தாவின் தாக்கர் ஸ்பிங்க் நிறுவனமே வெளியிட்டது. காலா அசார் நோய்க்கு யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தைக் கண்ட உபேந்திரநாத் பிரம்மச்சாரி, 1922இல் தம் முடிவுகளை அவ்விதழில் வெளியிட்டார். நோய் பரவிய நிலத்திலேயே மருந்து காணப்பட்டது. அச்செய்தி அந்நிலத்தின் மருத்துவர் கைக்கெட்டும் இதழிலேயே அச்சேறியது.

இதற்கு மாறான போக்கும் உடனிருந்தது. ரொனால்டு ராஸ் 1898இல் கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்து, கொசுவின் வழியே அந்நோய் பரவும் முறையைக் கண்டறிந்தார். அம்முடிவை எடின்பரோவில் கூடிய பிரித்தானிய மருத்துவர் மாநாட்டில் பேட்ரிக் மேன்சன் அறிவித்தார். கண்டுபிடிப்பு இங்கு நிகழ, அதற்குரிய ஏற்பு அங்கிருந்தே வரவேண்டியிருந்தது. விடுதலைக்குப் பின்னரும் இம்மனப்பாங்கு மறையவில்லை.

சம்பு நாத் தே: வெளிநாட்டு இதழும் உள்நாட்டு மௌனமும்

காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதி செய்தார். அக்கிருமி நஞ்சொன்றை உண்டாக்கக்கூடும் எனவும் கருதினார். எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதனை மெய்ப்பித்தவர் கல்கத்தாவின் சம்பு நாத் தே. முயலின் சிறுகுடற் பகுதியைக் கட்டி ஆராயும் முறையை 1953இல் உருவாக்கிய அவர், கிருமிகள் நீக்கப்பட்ட வடிநீரே குடலில் நீர் பெருகச் செய்கிறது என்பதை 1959 மே 30ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்.

உலகப் புகழ் பெற்ற இதழில் வெளிவந்தும் அக்கட்டுரை தொடக்கத்தில் உரிய கவனம் பெறவில்லை. தே எந்த இந்திய அறிவியற் கழகத்திலும் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படாமலேயே 1985இல் மறைந்தார். மேற்கோள் ஆய்வின் முன்னோடியான யூஜின் கார்ஃபீல்டு 1986இல் அவரது பணியின் தாக்கத்தை விரிவாக எழுதினார். பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயின்ஸ்’ 1990இல் அவருக்கெனச் சிறப்பிதழ் வெளியிட்டது. வெளிநாட்டு இதழின் பெயர் மட்டும் ஓர் ஆய்வாளருக்கு உள்நாட்டில் மதிப்பை ஈட்டித் தராது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

சுபாஷ் முகோபாத்யாய: பதிவின்மையால் நேர்ந்த இழப்பு

சுபாஷ் முகோபாத்யாயவின் வரலாறு இதனினும் துயரமானது. 1978 சூலை 25இல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. எழுபது நாட்கள் மட்டுமே பொறுத்து, அக்டோபர் 3ஆம் நாள், சுபாஷும் அவர்தம் குழுவினரும் மேற்கொண்ட முயற்சியால் கல்கத்தாவில் துர்கா என்னும் குழந்தை பிறந்தது. உறைநிலையில் காத்த கருவைப் பின்னர்க் கருப்பையில் சேர்க்கும் முறையை அவர் கையாண்டார். இதைப் பற்றி அவர் வெளியிட்டது குளிரியல் சார்ந்த இந்திய இதழொன்றில் வந்த சிறு குறிப்பேயாகும்.

மாநில அரசு அமைத்த குழு அவர் கூற்றை ஏற்கவில்லை. சப்பான் சென்று தம் ஆய்வை விளக்கவும் அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. 1981 சூன் 19ஆம் நாள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1986இல் மும்பையில் பிறந்த குழந்தையின் வழி இந்திய முதன்மைக்கு உரியவராகக் கருதப்பட்ட டி. சி. ஆனந்த் குமாரே, சுபாஷின் கையெழுத்துக் குறிப்புகளை ஆராய்ந்து, அப்பெருமை அவருக்கே உரியதென 1997இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். தமக்கிருந்த பெருமையைத் தாமே விட்டுக்கொடுத்த இச்செயல் அறிவியல் அறத்திற்குச் சான்றாகும். எனினும் விரிவான கட்டுரையொன்று அன்றே வெளிவந்து பலரும் படிக்கக் கிடைத்திருப்பின், தீர்ப்பு ஒரு சிறு குழுவினரின் கையில் மட்டும் இருந்திராது.

திலீப் மகலநாபிஸ்: இதழுக்கு முந்திய துண்டறிக்கை

1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லைப்புற ஊரான பன்காவில் ஏதிலியரிடையே காலரா பரவியது. சிரைவழி செலுத்தும் நீர்மம் போதாத நிலையில், திலீப் மகலநாபிஸ் ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் எனக் கலந்து, உறவினரைக் கொண்டே நோயாளிகளுக்குப் பருகக் கொடுக்கச் செய்தார். முப்பது விழுக்காடு அளவிலிருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

இதுபற்றிய கட்டுரை 1973இல்தான் அமெரிக்க இதழொன்றில் வெளிவந்தது. ஆனால் கலவையின் செய்முறை துண்டறிக்கைகளாக எல்லைப் பகுதியில் முன்னரே வழங்கப்பட்டது. வங்கதேசத்தாரின் மறைவான வானொலி வழியும் பரப்பப்பட்டது. உயிர் காக்கும் அறிவு விலையின்றி உரியவரைச் சென்றடைந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

திறந்த அணுக்கத்தின் வருகை

1990களில் இணையம் பரவியபோது இத்தேவைக்கு வழி பிறந்தது. மும்பையில் 1997இல் தொடங்கப்பெற்ற மெட்நோ நிறுவனம், அச்சிதழ்களின் சந்தாவை விடாமலேயே இந்திய மருத்துவ இதழ்கள் பலவற்றை இணையத்தில் கட்டணமின்றி வழங்கியது. சென்னையைச் சேர்ந்த சுப்பையா அருணாசலம் வளரும் நாடுகளுக்குத் திறந்த அணுக்கம் இன்றியமையாதது எனத் தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தார். நடுவணரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014இல் இதற்கெனக் கொள்கை வகுத்தன. பழைய ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ பக்கங்களும் இன்று இணையத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன.

எனினும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. மெட்நோ 2011இல் பன்னாட்டு நிறுவனமொன்றின் உடைமையாயிற்று. படிப்போரிடம் பெறாத கட்டணத்தை எழுதுவோரிடம் பெறும் இதழ்கள் பெருகியுள்ளன. நடுவணரசு 2024 நவம்பரில் ஏற்ற ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 2025 முதல் 2027 வரை 6,000 கோடி ரூபாய்ச் செலவில் 30 பதிப்பாளரின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு அளிக்கிறது. இது பெரும்பயன் தருவதே. ஆயினும் இது சந்தாவேயன்றித் திறந்த அணுக்கம் அன்று. சிற்றூரில் தனியாகப் பணியாற்றும் மருத்துவர் இவ்வட்டத்திற்கு வெளியேதான் நிற்கிறார்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. புகழ்மிக்க இதழில் வெளியிடுதலும் உள்நாட்டில் ஏற்கப்படுதலும் ஒன்றல்ல என்பதைத் தேயின் வாழ்வு உணர்த்துகிறது. ஆய்வு பலர் பார்வைக்கு வாராதபோது அதிகாரமே நடுவராகிவிடும் என்பதைச் சுபாஷின் முடிவு உணர்த்துகிறது. அறிவு தடையின்றிப் பரவுமிடத்து உயிர்கள் காக்கப்படும் என்பதற்குப் பன்காவின் துண்டறிக்கை சான்று. பொதுமக்களின் வரிப்பணத்திலும் அவர்தம் நோயிலும் விளைந்த ஆய்வு அம்மக்களுக்கும் அவர்தம் மருத்துவர்க்கும் மறைக்கப்படலாகாது. அதற்கேற்ற இதழ்களை உள்நாட்டிலேயே பேணி வளர்ப்பதும், அவற்றில் வெளிவருவனவற்றை மதித்துப் படிப்பதும் நம் கல்வி நிறுவனங்களின் கடமையாகும்.