தாவர நுண்ணுயிர் எரிபொருள் கலம்

தாவர நுண்ணுயிர் எரிபொருள் கலம் என்பது உயிருள்ள செடியின் வேரடியில் வாழும் பாக்டீரியாக்களிடமிருந்து மின்சாரம் பெறும் கருவி. செடியை வெட்டுவதும் இல்லை, எரிப்பதும் இல்லை.

ஒளிச்சேர்க்கையில் செடி உருவாக்கும் உணவு முழுவதும் இலைக்கும் தண்டுக்கும் மணிக்கும் போய்விடுவதில்லை. ஒரு பகுதி, சர்க்கரைகளாகவும் கரிம அமிலங்களாகவும் வேர் வழியே மண்ணில் கசிகிறது. அதைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் எலக்ட்ரான்களை எங்காவது இறக்கிவைத்தாக வேண்டும். நீர் தேங்கிய சேற்றில் அவற்றை வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் இருக்காது. ஜியோபாக்டர் போன்ற இனங்கள் அங்கே இரும்பு ஆக்சைடுகளை நாடுகின்றன. வேரருகே கிராஃபைட் துண்டுகளைப் புதைத்துவைத்தால் அவற்றிலும் எலக்ட்ரான்களை இறக்கும். இந்தக் கிராஃபைட்தான் ஆனோடு என்னும் மின்முனை. அங்கிருந்து கம்பி வழியே கேத்தோடு என்னும் மறு மின்முனையை அடையும் எலக்ட்ரான்கள், ஆக்சிஜனுடனும் ஹைட்ரஜன் அயனிகளுடனும் சேர்ந்து நீராகின்றன. ஒரு கலத்தின் மின்னழுத்தம் 1 வோல்ட்டுக்கும் குறைவு என்பதால் பல கலங்களை இணைக்கிறார்கள்.

நுண்ணுயிர்களிடமிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை 1911-இல் இங்கிலாந்தில் எம். சி. பாட்டர் காட்டினார். செடியையும் சேர்த்துக்கொள்ளும் வழி 2008-இல் பிறந்தது. நெதர்லாந்தின் வாஹனிங்கன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரிக் குழுவினர் சதுப்புநிலப் புல்லைக் கொண்டு மின்சாரம் எடுத்தார்கள். அதே ஆண்டு வெளியான ஜப்பானிய ஆய்வு நெல் வயலையே கலமாக்கியது. அங்கே பகலில் மின்னோட்டம் ஏறியது, இரவில் இறங்கியது. பகலிலேயே பயிருக்கு நிழல் கட்டியபோதும் குறைந்தது. மண்ணில் கிடைத்த மின்சாரத்துக்கு மூலம் இலையில் விழுந்த வெயில்தான் என்பது இதில் தெளிவானது.

வாஹனிங்கன் ஆய்விலிருந்து 2009-இல் 'பிளான்ட்-ஈ' நிறுவனம் உருவானது. 2014-இல் ஆம்ஸ்டர்டாம் அருகே ஹெம்ப்ரூக்கில் அது 300-க்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகளைச் செடிகளின் மின்சாரத்தால் எரியவைத்தது. 2019-இல் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் 'பீட்' என்று பெயரிடப்பட்ட பெரணிச்செடி, தன் மின்சாரத்தாலேயே கேமராவை இயக்கித் தன்னைப் படமெடுத்துக்கொண்டது.

அளவுதான் பெரிய தடை. ஒரு சதுர மீட்டரில் 3.2 வாட் வரை பெறலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. சோதனைகளில் கிடைத்திருப்பது 1 வாட்டுக்கும் குறைவு. அதே பரப்பிலுள்ள சூரியத் தகடு, நல்ல வெயிலில் 200 வாட் அளவுக்குத் தரும். மண் காய்ந்தாலோ உறைந்தாலோ கலம் ஓய்ந்துவிடும்.

எனவே வீட்டு மின்விசிறிக்கு இதை நம்ப முடியாது. மின்கம்பி எட்டாத சதுப்புநிலங்களிலும் வயல்களிலும் ஈரப்பதம், வெப்பநிலை ஆகியவற்றை அளந்து அனுப்பும் சிறு உணரிகளுக்கு, பேட்டரி மாற்றும் வேலையை மிச்சப்படுத்தும் தகுதியான மின்மூலம் இது.