பருத்திக் காட்டில் பிறந்த பாட்டு

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள கிளார்க்ஸ்டேல் நகரின் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்தில் ஒரு மரக்குடில் வைக்கப்பட்டுள்ளது. 'மடி வாட்டர்ஸ்' எனப் புகழ்பெற்ற மெக்கின்லி மார்கன்ஃபீல்ட், ஸ்டோவல் பண்ணையில் வாழ்ந்த வீடு அது. 1941-இல், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டார் பாடல்களைத் தேடி வந்த ஆலன் லோமாக்ஸ், அந்த வீட்டில்தான் அவரது குரலைப் பதிவு செய்தார். இரண்டு ஆண்டுகளில் மடி வாட்டர்ஸ் சிகாகோவுக்கு ரயிலேறினார்.

அதற்கு இசை மட்டுமே காரணமன்று. பண்ணையில் டிராக்டர் ஓட்டிய அவர் கூலி உயர்வு கேட்டார், மறுக்கப்பட்டது. அந்நிலங்களில் வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பினக் குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். விளைச்சலில் ஏறத்தாழப் பாதி நிலவுடைமையாளருக்கு. எஞ்சியதைப் பண்ணைக் கடையில் விதைக்கும் உணவுக்கும் பட்ட கடன் விழுங்கும். கணக்கேடோ முதலாளியின் கையில். பொருளியல் பயின்ற எனக்கு ப்ளூஸைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கணக்கேடுதான் நினைவுக்கு வருகிறது.

1944 அக்டோபரில், அருகிலுள்ள ஹாப்சன் பண்ணையில் பருத்தி பறிக்கும் இயந்திரங்களை இயக்கிக் காட்டினர். கைதேர்ந்த தொழிலாளி மணிக்கு 20 பவுண்டு பறித்தால், இயந்திரம் 1,000 பவுண்டு வரை பறித்தது. பண்ணைகளுக்கு ஆட்கள் தேவையற்றுப் போயினர். வடக்கே சென்ற ரயில்கள் நிரம்பின.

2006 முதல் மிசிசிப்பி அரசு ப்ளூஸ் தலங்களில் நினைவுப் பலகைகள் நாட்டி வருகிறது. முதல் பலகை சார்லி பேட்டனின் கல்லறை உள்ள ஹாலி ரிட்ஜில். தாமதமான மரியாதை எனினும் வரவேற்கத்தக்கதே. ஹாப்சனில் வாரக் குடியானவர்களின் பழைய குடில்கள் இன்று சுற்றுலா விடுதி அறைகள். அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அக்குடில்களில் ஒன்றிலேனும் படுக்கைக்குப் பதிலாக அந்தக் கணக்கேட்டை வைத்திருக்கலாம்.