மதுரையிலிருந்து மலைக்கு: ஈராயிரம் ஆண்டு நடை

மலையேற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் மதுரைக்காரர்களாகிய நமக்குக் கொடைக்கானலும் மேகமலையும்தாம் நினைவுக்கு வருகின்றன. விடியற்காலையில் பேருந்து ஏறி, மூன்று மணி நேரம் பயணம் செய்து, குளிர்காற்று முகத்தில் பட்டால்தான் மலைக்குப் போனதாக மனம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் வீட்டு மொட்டைமாடியில் நின்று நாற்புறமும் பார்த்தால், வடகிழக்கே படுத்த யானையாக ஒரு மலை, வடக்கே அழகர்மலை, மேற்கே நாகமலை, தென்மேற்கே பரங்குன்றம் என்று நம் நகரமே குன்றுகளின் நடுவில்தான் அமர்ந்திருக்கிறது. இக்குன்றுகளுக்கு நகரத்து மக்கள் நடந்து சென்ற வரலாறு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அவ்வாறு சென்றவர்களிற் சிலர் தம் பெயரையும் ஊரையும் தொழிலையும் பாறையில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உலகில் எத்தனை மலைப்பாதைகளுக்கு இப்படியொரு வருகைப்பதிவேடு வாய்த்திருக்கும்!

முதலில் மலைக்கு உலாப் போனவர்களைப் பார்ப்போம். சங்கத் தொகை நூல்களுள் காலத்தால் பிந்தியதாகக் கருதப்படும் பரிபாடலின் 19ஆம் பாடல், மதுரை மக்கள் பரங்குன்றத்துக்குத் திரண்டு செல்வதைக் காட்டுகிறது. குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுப்போர், முசுக்கூட்டத்துக்குக் கரும்பு நீட்டுவோர், ஓவியம் தீட்டிய மண்டபத்தில் நின்று 'இவர் யார், இது என்ன கதை' என்று கேட்போர், தெரிந்ததைச் சொல்லி விளக்குவோர் என அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். சுற்றத்தைப் பிரிந்து பாறைகளுக்கிடையே வழி தவறிய ஒரு சிறுபெண் கூவி அழைக்கிறாள். குகை அக்குரலை எதிரொலிக்கிறது. தன்னவர்தாம் விடையளிக்கிறார்கள் என்றெண்ணி அவள் எதிரொலி வந்த திசையிலேயே போகிறாள். விடுமுறை நாளொன்றில் இன்றும் நாம் காணக்கூடிய காட்சிதானே இது? (குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் இந்நேரம் விட்டிருக்கலாம்.)

சிலப்பதிகாரத்திலும் மதுரைக்குச் செல்லும் வழிகளுள் ஒன்று அழகர்மலை ஊடே போகிறது. வழியில் எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையவன், அம்மலையிலுள்ள பிலத்தையும் அதனுள் இருக்கும் மூன்று பொய்கைகளின் பெருமையையும் விரிவாகச் சொல்லி அவ்வழியே போகத் தூண்டுகிறான். கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வந்த கவுந்தியடிகளோ சமணத் துறவி. அதில் தமக்கு வேலையில்லை என்று மறுத்துவிடுகிறார். மலை ஒன்றே, அதில் ஒருவர் தேடுவதை மற்றொருவர் தேடுவதில்லை. இந்தச் சிறு உரையாடலை மனத்தில் இருத்திக்கொண்டு மலைகளுக்குப் போவது நல்லது. ஏனெனில் அடுத்து நாம் சந்திக்கவிருப்பவர்கள் கவுந்தியடிகளின் கூட்டத்தார்.

சமணத் துறவியர் ஊர்தியில் ஏறுவதில்லை. எங்கும் நடந்தே செல்வர். மழைக்காலத்தில் மட்டும், ஈர மண்ணில் பெருகும் சிற்றுயிர்களை மிதித்துவிடலாகாது என்று ஓரிடத்தில் தங்குவர். அந்தத் தங்கலுக்காகவே மதுரையைச் சூழ்ந்த குன்றுகளின் இயற்கைக் குகைத்தளங்களில் படுக்கைகள் வெட்டப்பட்டன. வழவழப்பாகத் தேய்த்த கற்படுக்கை, தலைமாட்டில் சற்றே உயர்த்திய கல் தலையணை, குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வடியாதபடி புருவம்போல் வெட்டிய காடி. துறவிக்குத் தேவையானவை அவ்வளவே. காடிக்கு அருகில், சில இடங்களில் படுக்கையிலேயே, தமிழ்ப் பிராமி எழுத்துகள். ஊரார் இவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பர். வனவாசம் போன ஐவரைத் தவிர வேறு யார் இப்படிக் கல்லில் படுத்திருப்பார்கள் என்பது அவர்கள் எண்ணம் போலும். படுக்கையைக் குறித்த பள்ளி என்னும் சொல் துறவியர் உறைவிடத்துக்கு ஆகி, அங்கிருந்து கல்விக்கூடத்துக்கும் வந்து சேர்ந்தது.

இவற்றுள் முதன்மையானது மேலூர் வட்டத்து மாங்குளம். மீனாட்சிபுரம் என்னும் சிற்றூரை அடுத்த ஓவாமலையில் இருக்கிறது. 1882இல் இராபர்ட் சிவெல் இக்கல்வெட்டுகளைக் கண்டறிந்தார். ஆயினும் நெடுங்காலம் இவற்றைப் படித்துப் பொருள் கொள்ள இயலவில்லை. பிராமி எழுத்தென்றால் மொழி பிராகிருதமாகத்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் குறுக்கே நின்றது. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இவற்றின் மொழி தமிழே என்று எடுத்துக்காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் 1960களில் தொடங்கி மலைமலையாக ஏறி இக்கல்வெட்டுகளை நேரில் படித்து, 2003இல் தம் பெருநூலாக வெளியிட்டார். மாங்குளத்துக் கல்லில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பெயர் வெளிப்பட்டது. கி.மு. 2ஆம் நூற்றாண்டென்று மகாதேவன் கணித்த அக்கல்வெட்டு, அவன் பணியாளனான கடலன் வழுதி என்பான் கணி நந்தாசிரியனுக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்ததைச் சொல்கிறது. சங்கப் பாடல்களில் மட்டுமே கேட்ட பெயரொன்றை ஆடுமேய்க்கும் பாறையில் விரலால் தொடும் தொலைவில் காண்பது சாதாரண அனுபவமன்று. (தொடவேண்டாம், பார்த்தால் போதும்.)

அரசனைக் காட்டிலும் நம்மைக் கவர்கிறவர்கள் வணிகர்கள். அதே மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தார் கொடை செய்திருக்கிறார்கள். நிகமம் என்பது வணிகர் குழு. வெள்ளறையை மேலூர்ச் சாலையில் உள்ள இன்றைய வெள்ளரிப்பட்டி என அடையாளம் காண்பர் அறிஞர் சிலர். அழகர்மலைத் தொடரில், கிடாரிப்பட்டியை அடுத்த குகைக்குப் போனால் ஒரு சிறிய கடைத்தெருவே எதிர்ப்படுகிறது. உப்பு வணிகன், அறுவை வணிகன் (அறுவை என்றால் துணி), கொழு வணிகன், பொற்கொல்லன் எனத் தொழிலைச் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். அவர்களிற் சிலர் தம் ஊரை 'மத்திரை' என்று குறிக்கின்றனர். நம் மதுரையேதான்! கூடல் நகரின் அங்காடியிலிருந்து உப்பு விற்றவரும் துணி விற்றவரும் இருபது கிலோமீட்டர் கடந்து இந்தக் குகைக்கு வந்திருக்கிறார்கள். துறவியின் படுக்கைக்குத் தம்மால் இயன்றதைக் கொடுத்திருக்கிறார்கள். மாளிகை கட்டியவர்கள் விட்டுச் செல்லாத முகவரியை உப்பு வணிகன் விட்டுச் சென்றிருக்கிறான்.

வெளியூரார் வருகையும் உண்டு. பரங்குன்றத்துக் கல்வெட்டொன்று எருக்காட்டூர் ஈழக் குடும்பிகனைக் குறிக்கிறது. கீழவளவில் தொண்டியைச் சேர்ந்த ஒருவர் பள்ளி கொடுத்திருக்கிறார். அங்கே எழுத்துகள் தலைகீழாகவும் வலமிருந்து இடமாகவும் வெட்டப்பட்டிருப்பதால், முதன்முறை பார்ப்போர் கழுத்து வலிக்கத் திரும்பி நிற்பது வழக்கம். யானைமலையில் உள்ள கல்வெட்டு அம்மலையை 'இவகுன்றம்' என்கிறது. இவம் என்றால் யானை. அது படுத்த யானைபோல் இருக்கிறது என்று இன்று ஒத்தக்கடைச் சாலையில் பேருந்துச் சன்னலோரக் குழந்தை சொல்வதை, ஈராயிரம் ஆண்டுக்கு முன் யாரோ சொல்லி, அதுவே பெயராகி, கல்லிலும் ஏறிவிட்டது.

யானைமலையைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அதன் அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையைக் குடைவித்தவன், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி. ஆண்டு கி.பி. 770. கற்றளியைச் செய்து முடித்தவன், அதற்கு நீர் தெளிக்கும் சடங்கு நடைபெறும் முன்னரே இறந்துபோனான். அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நீர் தெளித்து நிறைவேற்றினான். வட்டெழுத்தில் இதைப் படிக்கையில் அண்ணன் பெயரை விடாமல் முன்னே வைத்து எழுதிய தம்பியின் அன்பு, ஆயிரத்து இருநூற்றைம்பது ஆண்டு கடந்தும் புலப்படுகிறது.

சம்பந்தரோடு வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்ற கதையும், சமணரின் எண்பெருங்குன்றங்கள் மதுரையைச் சூழ்ந்திருந்தன என்ற செய்தியும் எல்லோரும் அறிந்தவை. அத்தோடு மதுரையில் சமணம் முடிந்தது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். குன்றுகள் அப்படிச் சொல்லவில்லை. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டினர். அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் பின் அச்சணந்தி என்னும் துறவி இக்குன்றுகளில் தீர்த்தங்கரர் திருமேனிகளைச் செய்வித்துக்கொண்டே போகிறார். யானைமலை, அழகர்மலை, அரிட்டாபட்டி, சமணர்மலை என மதுரையைச் சுற்றி மட்டுமன்று. உத்தமபாளையத்திலும் ஐவர்மலையிலும், வடக்கே வள்ளிமலையிலும் அவர் பெயர் இருக்கிறது. அத்தனையும் கால்நடையாகச் சென்ற தொலைவு என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். கீழக்குயில்குடிச் சமணர்மலையின் பேச்சிப்பள்ளத்தில், வரிசையாக நிற்கும் திருமேனிகளுள் ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார். மகன் துறவு பூண்டு மலைமலையாக நடக்க, தாயும் ஒரு மலையேறி வந்து தன் பெயரை எழுதச் செய்திருக்கிறார். அதே மலையின் மேற்பகுதியில் கன்னடக் கல்வெட்டொன்றும் இருப்பதால், வடபுலத்துச் சமணர்களும் இங்கு வந்துபோன செய்தி உறுதிப்படுகிறது. அடிவாரத்தில் ஐயனார் கோயிலும் தாமரைக் குளமும். சமணர்மலையைக் காக்கும் தெய்வமாக ஐயனார் இருப்பதில் அவ்வூராருக்கு எந்த முரணும் தோன்றவில்லை.

இவையெல்லாம் பாறை உள்ளவரை இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் நம் தலைமுறைக்கு இடி விழுந்தது. மேலூர் வட்டாரத்துப் பாறை கிரானைட்டாகி ஏற்றுமதியானது. கீழவளவைச் சூழ்ந்த பகுதிகளில் குன்றுகள் இருந்த இடத்தில் நீர் தேங்கிய குழிகளைக் காண்கிறோம். 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் உ. சகாயத்தை விசாரணைக்கு நியமித்தது. 2015 நவம்பரில் அவர் அறிக்கை அளித்தார். வெட்டப்பட்ட குன்றை எந்த அறிக்கையும் மீட்டுத் தராது. யானைமலைக்கும் ஆபத்து வந்தது. அதைச் சிற்பத் தொழிலுக்கென வெட்டும் பேச்சு எழுந்தபோது சுற்றியுள்ள ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள். அந்த எழுச்சியின் தொடர்ச்சியாக எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் 2010இல் பசுமை நடை இயக்கத்தைத் தொடங்கினார். மாதமொரு ஞாயிறு விடியலில் நூற்றுக்கணக்கானோர் குழந்தைகளோடு குன்றுகளுக்கு நடந்து சென்றதும், தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் கல்வெட்டின் அருகில் நின்று அதைப் படித்து விளக்கியதும், பரிபாடல் காட்டும் சித்திர மண்டபக் கூட்டத்தையே நினைவூட்டுகின்றன.

அரிட்டாபட்டிக்கு வருவோம். கழிஞ்சமலையில் தமிழ்ப் பிராமி உண்டு, பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் உண்டு, அதில் தமிழகத்தில் அரிதான இலகுலீசர் சிற்பம் உண்டு. இவ்வூரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் அதுவே முதலாவது. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், இவ்வூர்களை உள்ளடக்கிய பரப்பில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போன செய்தி வந்தது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரை தல்லாகுளத்தை நோக்கி நடந்தார்கள். அன்று யானைமலையைக் கடந்து மலையூர்கள் நகருக்கு வந்தன. ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது.

அந்த நாட்களில் நமக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது கழிஞ்சமலைத் தீர்த்தங்கரருக்குக் கீழுள்ள வட்டெழுத்து. திருப்பிணையன் மலையில் பொற்கோட்டுக் கரணத்தார் பேரால் அச்சணந்தி செய்வித்த திருமேனி என்று கூறும் அக்கல்வெட்டு, இதன் பாதுகாப்பை அரசனிடமோ அதிகாரியிடமோ ஒப்படைக்கவில்லை. பாதிரிக்குடியார் ரட்சை என்று முடிகிறது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களின் காவல் என்று பொருள்.

போக விரும்புவோர் காலை ஒன்பதுக்குள் குகையை அடையுமாறு புறப்படுங்கள். சாய்வெயிலில்தான் பிராமி எழுத்துகள் எழுந்து தெரியும். உச்சிவெயிலில் வெறும் பாறையே தெரியும். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டியால் அதன்மேல் எழுதுவோரைக் கண்டால் தடுத்துவிடுங்கள். மாங்குளத்துக்குத் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மேலே கடை கிடையாது.