மாலை வகுப்புச் சிரிப்பும் மொழித் தேர்வும்

1977ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் இரவு, இலண்டன் வாரவிறுதித் தொலைக்காட்சி நிறுவனம் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' எனும் நகைச்சுவைத் தொடரின் முதல் அங்கத்தை ஒளிபரப்பியது. 'முதற் பாடம்' என்பது அவ்வங்கத்தின் பெயர். எழுதியவர் வின்ஸ் பவல். இலங்கையில் அப்போது தொலைக்காட்சியே இல்லை. சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும் ரூபவாகினி 1982இலுமே தொடங்கின. ஆயினும் மாலை வகுப்பில் வளர்ந்தோர் அமர்ந்து, பிழைப்பின் பொருட்டுப் பிறிதொரு மொழி கற்கும் காட்சி இத்தீவினர்க்குப் புதியதன்று. அக்காட்சி அங்கே சிரிப்பாகவும் இங்கே வழக்காகவும் ஆனமை வரலாற்று மாணவர் ஆராயத்தக்க பொருளாகும்.

அங்கத்தின் கதை எளியது. அந்நிய நாட்டவர்க்கு ஆங்கிலம் புகட்டும் இரவுப் பாடசாலையொன்றில் முன்னிருந்த ஆசிரியர் வகுப்பைத் தாங்கமாட்டாது சித்தம் கலங்கிப் போகிறார். அவ்விடத்திற்கு ஒக்ஸ்போர்ட் பட்டதாரியான ஜெரமி பிரவுன் வருகிறார். பெண் ஆசிரியரையே எதிர்பார்த்திருந்த அதிபர் மிஸ் கோர்ட்னி, ஒரு மாதப் பரீட்சார்த்த நியமனமே வழங்குகிறார். ஆகவே, மாணவர் பேசத் தெரியாது தடுமாறுவது போலவே ஆசிரியரும் தம் வேலையைக் காத்துக்கொள்ளத் தடுமாறுகிறார். தொழிலிடத்து நகைச்சுவை என்ற வகையில் அத்தொடரின் உயிர் இவ்விரட்டைத் தடுமாற்றத்திலேயே உள்ளது எனலாம்.

மாணவரின் தொழில்களை நோக்குமிடத்து அக்கால இலண்டனின் கூலிச்சந்தை தெரிகிறது. இத்தாலியச் சமையற்காரர், ஸ்பானிய மதுக்கடைப் பணியாளர், வீட்டுவேலை பார்க்க வந்த பிரெஞ்சு, ஜெர்மானியப் பெண்கள், சுரங்க இரயிலில் வேலைசெய்யும் சீக்கியர் ரஞ்சித் சிங், வேலையற்ற பாகிஸ்தானியர் அலி நதீம், பின்னல் வேலையைக் கைவிடாத பஞ்சாபி இல்லத்தரசி ஜமிலா ஆகியோர் அங்குளர். 1962, 1968, 1971 ஆகிய ஆண்டுகளின் குடியேற்றச் சட்டங்கள் பொதுநலவாயத்தவர்க்குப் பிரித்தானியாவின் வாயிலைப் படிப்படியாக ஒடுக்கிய காலம் அது. முன்னரே உள்ளே வந்துவிட்டோரை என்செய்வது என்ற கேள்விக்குத் தொலைக்காட்சி அளித்த விடை, அவர்களை ஒரு வகுப்பறையில் அமர்த்திச் சிரிப்பதாகும்.

ரஞ்சித் சிங்காக நடித்த அல்பர்ட் மோசஸ் பஞ்சாபியரல்லர். 1937இல் இலங்கையின் கம்பளையிற் பிறந்தவர். கம்பளையிற் பிறந்தவர் சீக்கியராகவும் டாக்காவிற் பிறந்த டீனோ ஷபீக் பாகிஸ்தானியராகவும் ஒரே வகுப்பில் அமர்ந்து சமயம் பற்றிச் சச்சரவிடுகின்றனர். ஆங்கிலப் பார்வையாளர்க்கு இவ்வேறுபாடுகள் தோன்றியிரா. அவர்க்கு எல்லாம் ஒரே கிழக்கு. உண்மையான சிரிப்பு இருக்குமாயின் அது இந்த மாறாட்டத்தில் இருந்தது. அதனை யாரும் எழுதவில்லை.

1979இல் மூன்றாம் பருவத்தோடு நிறுவனத்தின் மைக்கேல் கிரேட் தொடரை நிறுத்தினார். இனங்களை வார்ப்புருக்களாகக் காட்டுவது தகாதென்பதே அவர் கருத்து. 1986இல் வேறொரு தயாரிப்பில் அது மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் கேலிக்குள்ளான நாடுகளிலேயே இத்தொடர் பெரிதும் விரும்பப்பட்டது. 1993இல் இந்தியாவில் பங்கஜ் கபூர் ஆசிரியராக நடிக்க, 'ஜபான் சம்பால்கே' என இந்தியில் உருப்பெற்றது. அங்கே கற்கப்படும் மொழி ஆங்கிலமன்று, இந்தி. மாணவருள் தமிழரும் ஒருவர். இலங்கையிலும் 1990களில் ரூபவாகினி 'ராஜ கடுவ' என்றொரு தழுவலை ஒளிபரப்பிற்று. 'கடுவ' என்பது வாள். ஆங்கிலத்தை வாளென அழைப்பது நம் பல்கலைக்கழக மாணவர் வழக்கென்பதை இங்கு விளக்க வேண்டுவதில்லை. வெட்டும் கருவியாக ஒரு மொழியைக் காண்பவன், அதன் இலக்கணப் பிழையைக் கண்டு சிரிப்பது வேறு வகைச் சிரிப்பாகும்.

இனித் திருகோணமலைப் பக்கம் வருவோம். நகருக்கு வடக்கே, நிலாவெளி செல்லும் வழியில், சாம்பல்தீவை அடுத்துக் கடலோரத்தில் உள்ளது சல்லி. முத்துமாரியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற மீனவர் ஊர். அவ்வூரவரின் தமிழ் கடலோடும் கரைவலையோடும் வளர்ந்தது. தெற்கே துறைமுகத்தில் 1957ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் வரை பிரித்தானியக் கடற்படை இருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் மாவட்டமாதலால், சந்தையில் ஒருவர் மொழியை மற்றவர் அரைகுறையாகப் பேசுவது அன்றாட நிகழ்ச்சி. அங்கு யாரும் ஆசிரியரல்லர். விலை படிந்தாற் போதும். சந்தையில் தேர்வில்லை, கச்சேரியில்தான் தேர்வு வந்தது.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1958இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறிற்று. அதற்கான ஒழுங்குவிதிகளோ 1966 வரை வரவில்லை. 1961இன் தொடக்கத்தில் வடக்கு, கிழக்குக் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் நடந்தது. திருகோணமலையும் அதிற் பங்குகொண்டது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் அதனை அடக்கியது. அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியான 560ஆம் இலக்கத் திறைசேரிச் சுற்றறிக்கை, குறித்த சிங்களத் தேர்ச்சியைப் பெறாத அரசாங்க ஊழியரின் வருடாந்தச் சம்பள ஏற்றத்தை நிறுத்தப் பணித்தது.

ஆங்கிலத்தில் வேலை பழகி, ஆங்கிலத்திற் கோப்பெழுதி நரைத்த எழுதுவினைஞர் மீண்டும் அரிச்சுவடிக்குத் திரும்ப நேர்ந்தது. அத்தகையோருள் ஒருவரான செ. கோடீஸ்வரன் தேர்வுக்குத் தோற்ற மறுத்தார். 1962 ஏப்ரலில் அவர்க்குரிய ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் அரசின் மீது வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், அரசகரும மொழிச் சட்டம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றமோ, ஊழியர் தம் சம்பளத்திற்காக முடியின்மேல் வழக்கிட முடியாதென்று கூறி அதனை மாற்றியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை அது தொடவில்லை. 1969 டிசம்பரில் இலண்டனிலுள்ள கோமறைக் கழகம், வழக்கிடும் உரிமை அவர்க்குண்டு எனக் கூறி, எஞ்சிய கேள்வியை இலங்கை நீதிமன்றமே தீர்க்க விடுத்தது. அது தீர்க்கப்படவேயில்லை. கோமறைக் கழகத்திற்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டு, 1972இன் குடியரசு அரசியலமைப்பு 29ஆம் பிரிவையும் அகற்றிவிட்டது. சில ரூபாய்ச் சம்பள ஏற்றத்திற் தொடங்கிய வழக்கு ஓர் அரசியலமைப்பையே தொட்டு, விடையின்றி நின்றது.

இலண்டன் வகுப்பின் ரஞ்சித் ஆங்கிலம் கற்பது தாமே விரும்பி வந்த நாட்டில். தவறினால் மாலை ஒன்று வீணாகும், அவ்வளவே. இலங்கை எழுதுவினைஞர் தாம் பிறந்த நாட்டில், தாம் முன்னரே பெற்ற பதவிக்காகக் கற்க வேண்டியிருந்தது. பின்னையதை நகைச்சுவைத் தொடராக்க எந்த வின்ஸ் பவலும் துணியார்.

ஆயினும் இலங்கைத் தமிழர் மொழி வேறுபாட்டைக் கண்டு சிரிக்கவே இல்லை என எண்ணலாகாது. இலங்கை வானொலியிற் பெரும் வரவேற்பைப் பெற்று, 1976இல் திரைப்படமாகவும் வந்த எஸ். ராம்தாசின் 'கோமாளிகள்' சான்று. அதில் மரைக்காரின் முஸ்லிம் தமிழ், அப்புக்குட்டியின் யாழ்ப்பாணத் தமிழ், உபாலியின் சிங்களச் சாயல் படிந்த தமிழ், ஐயரின் பிராமணத் தமிழ் என நான்கு நாக்குகள் ஒன்றோடொன்று மோதின. மரைக்காராக ராம்தாசும், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபாலும், உபாலியாகச் செல்வசேகரனும், ஐயராக அப்துல் ஹமீதும் நடித்தனர். முஸ்லிம் ஒருவர் ஐயராகவும், தமிழர் ஒருவர் மரைக்காராகவும் பேசியமை சாதாரணச் செய்தியன்று. இலண்டன் தொடரிலும் ஒருவர் மற்றவராக நடித்தார். ஆனால் அங்கு கரும்பலகைக்கு அருகில் 'சரியான' மொழியின் சொந்தக்காரர் நின்றார். 'கோமாளிக'ளில் அந்த இடம் வெறுமை. யாழ்ப்பாணத் தமிழே திருத்தமானதென எண்ணியோர்க்கும் அப்புக்குட்டி ஒரு கோமாளியே. இதனாலேயே 'கோமாளிகள்' தரத்தாற் குறைந்ததாயினும் அறத்தால் மேம்பட்டதெனக் கூறத் தோன்றுகிறது. தரத்தில் அது குறைந்ததுதான். பல இடங்களில் நகைச்சுவை வெறுங் கூச்சலாகிவிடுகிறது.

பின்னாளில் சட்டம் மாறிற்று. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. 1988இன் 16ஆம் திருத்தம் நிருவாகத்திலும் நீதிமன்றத்திலும் இரு மொழிகளின் பயன்பாட்டை வகுத்தது. 1983இன் வன்செயலும் அதன்பின் வந்த போரும் இதற்கிடையில் நடந்தேறியவை. 2007ஆம் ஆண்டின் பொது நிருவாகச் சுற்றறிக்கை, அவ்வாண்டு ஜூலை முதல் சேவையிற் சேருவோர் இரண்டாம் அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதித்தது. இதன்படி சிங்கள உத்தியோகத்தரும் தமிழ் எழுத்துகளின் முன் அமர வேண்டியவராயினர். ழகரத்திற் சறுக்கும் நாக்கும், சிங்களத்திற் சறுக்கும் தமிழ் நாக்கும் தனித்தனி வகுப்புகளில், ஒரே சம்பளப் பட்டியலின் பொருட்டு உழைக்கின்றன. இவ்விரு வகுப்புகளையும் ஒன்றாக்கி முதல் அங்கத்தை எழுதப் புகும் நாடகாசிரியர், ஆசிரியர் நாற்காலியில் யாரை இருத்துவார் என்பதே அறியத்தக்கது.