மிக்-21 கிட் வாங்கியாச்சா? பசையைத் தொடும் முன் ஸ்கேலை எடுங்க!

2025 செப்டம்பரில் இந்திய விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற மிக்-21-ஐ அலமாரியில் நிறுத்த ஆசையா? 1/72 கிட் என்றால் முதலில் இறக்கையை அளந்துடுங்க. நிஜத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7.15 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 99 மி.மீ. அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தா விட்டுடலாம், யாருக்கும் தெரியாது.

மாட்டிக்கிறது முதுகுலதான்! கடைசிவரை பறந்த 'பைசன்', 'பிஸ்' ரகத்தை மேம்படுத்தி வந்தது. 'எம்எஃப்' கிட்டில் முதுகு ஒல்லி, 'பிஸ்'ஸில் தடிமன். புட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம்தான். ஆனா, இரண்டு பக்கமும் ஒரே அளவில் வர்றதுக்குள்ள உயிர் போயிடும். பேசாம 'பிஸ்' கிட்டே வாங்குங்க.

அதைப் பைசனாக்க, முன் கண்ணாடியை மாத்தணும். பைசனுக்கு நடுவில் சட்டமில்லாத ஒரே வளைவு. பெயின்ட் அடிக்கும் முன், நீங்க செய்யும் விமானத்தின் எண் தெரியுற போட்டோவைப் பக்கத்துல வெச்சுக்கோங்க.